சேம்பர் மூடியைத் திறந்து பார்த்தவர்கள்: 1950-களின் இங்கிலாந்து நகரசபைகளில் பொதுச் சுகாதாரம்

1950 வாக்கில் இங்கிலாந்தின் எந்த நகரசபையை எடுத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு ஒருமுறை மெல்லிய அட்டை போட்ட ஒரு சிறு நூல் அச்சாகும். அந்த ஊரின் சுகாதார மருத்துவ அதிகாரி, நம் ஊர் வழக்கில் ஹெல்த் ஆபீசர், எழுதும் ஆண்டறிக்கை அது. முதல் பக்கத்தில் ஊரின் பரப்பு, மக்கள்தொகை, வீடுகளின் எண்ணிக்கை. அவற்றோடு, 'ஒரு பென்னி வரி போட்டால் எத்தனை பவுண்டு வசூலாகும்' என்றொரு வரி. மருத்துவ அறிக்கையில் வரிக்கணக்கு எதற்கு என்று தோன்றலாம். ஊரின் சுகாதாரம் முழுக்க அந்த எண்ணில்தான் நின்றது. கட்டடங்களின் வரி மதிப்பு மொத்தம் 3,00,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். வரி, அந்த மதிப்பில் பவுண்டுக்கு இத்தனை பென்னி என்று போடப்படும். அப்போது ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. ஆகவே ஒரு பென்னி வரி 1,250 பவுண்டு தரும். புதிதாக ஒரு சுகாதார ஆய்வாளரை வைக்கலாமா, குப்பை வண்டி வாங்கலாமா என்ற கேள்வியெல்லாம் 'இதற்கு எத்தனை பென்னி?' என்று நகரசபையின் கமிட்டியில் வந்து நிற்கும்.

இந்த நகரசபைகளுக்கு அங்கே 'பரோ' என்று பெயர். அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கவுன்ட்டி பரோ என்றால் மாவட்டத்துக்குக் கட்டுப்படாத பெரிய நகரம். பள்ளி, வீடு, சாக்கடை, தாய்சேய் நலம் எல்லாமே அதன் கையில். முனிசிபல் பரோ சிறியது. பல அதிகாரங்கள் மேலே இருக்கும் கவுன்ட்டி கவுன்சிலிடம், அதாவது மாவட்ட மன்றத்திடம். இந்த வேறுபாடு 1948-க்குப் பிறகு இன்னும் கூடியது. அந்த ஆண்டு ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது, நகரசபைகள் நடத்திவந்த மருத்துவமனைகள், தொற்றுநோய் விடுதிகள் உட்பட, பிராந்திய மருத்துவமனை வாரியங்களுக்குப் போயின. வீட்டுக்குச் சென்று பார்க்கும் செவிலியர், பேறுகாலச் செவிலியர், தடுப்பூசி, ஆம்புலன்ஸ் ஆகியவை கவுன்ட்டிக்கும் கவுன்ட்டி பரோவுக்கும் சேர்ந்தன. முனிசிபல் பரோவின் ஹெல்த் ஆபீசரிடம் மிஞ்சியவை வடிகால், குப்பை, உணவு, வீடு, எலி, புகை, தொற்றுநோய்ப் பதிவு. பலர் இதைப் பதவி இறக்கம் என்றே நினைத்தார்கள். ஆனால் குழந்தைகள் சாகாமல் இருப்பதற்கு இந்த மிச்சத்தின் பங்கு பெரிது. இங்கிலாந்து, வேல்ஸில் 1900 வாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 150 ஓர் ஆண்டுக்குள் இறந்தன. 1950-இல் அது 30 அளவுக்கு இறங்கிவிட்டது. சல்பா மருந்தும் பென்சிலினும் வருவதற்கு முன்பே அந்த இறக்கத்தின் பெரும்பகுதி நடந்து முடிந்திருந்தது.

ஹெல்த் ஆபீசர் மருத்துவர். அதற்கு மேல் பொதுச் சுகாதார டிப்ளமோவும் படித்தவர். அவருக்குக் கீழே சானிட்டரி இன்ஸ்பெக்டர்கள் இருந்தார்கள். தெருவில் இறங்கி வேலை பார்த்தவர்கள் இவர்கள்தான். அவர்கள் கையில் இருந்த ஆயுதம் 1936-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம்.

ஒரு புகார் எப்படி நகர்ந்தது என்று பார்ப்போம். பின்கட்டில் சாக்கடை நாறுகிறது என்று ஒரு குடித்தனக்காரர் சொல்கிறார். இன்ஸ்பெக்டர் போய்ப் பார்க்கிறார். பழுது உண்மை என்றால் முதலில் வீட்டுக்காரருக்குச் சாதாரண நோட்டீஸ், அதாவது சட்டப் பலம் இல்லாத ஒரு கடிதம் போகும். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி போவார். வேலை நடக்கவில்லை என்றால் விவரம் கமிட்டிக்குப் போய், 93-ஆம் பிரிவின்கீழ் தொல்லையை நீக்கச் சொல்லும் சட்டபூர்வ நோட்டீஸ். அதையும் மதிக்காவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட். கோர்ட் உத்தரவையும் மீறினால் நகரசபையே வேலையைச் செய்துவிட்டுச் செலவை வீட்டுக்காரரிடம் வசூலிக்கலாம். ஆண்டறிக்கையின் அட்டவணையில் சாதாரண நோட்டீஸ் நூற்றுக்கணக்கில் இருக்கும், சட்டபூர்வ நோட்டீஸ் அதில் ஒரு பங்கு, கோர்ட் வழக்கு விரல்விட்டு எண்ணும் அளவு. இதைப் பார்த்து நகரசபை தளர்வாக இருந்தது என்று முடிவுகட்டக் கூடாது. ஒரே வீட்டுக்கு நான்கு முறை நடந்து போவதுதான் இந்த அமைப்பின் பலம். கோர்ட் கடைசியில் இருக்கிறது என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்ததால் அந்த நடை பலித்தது.

வடிகால்தான் இன்ஸ்பெக்டரின் அன்றாடம். விக்டோரியா காலத் தொடர்வீடுகளின் பின்னால் ஓடியது நான்கு அங்குல விட்டமுள்ள, உப்புப் பளபளப்பு ஏற்றிய பீங்கான்மண் குழாய். சரிவு 40 அடிக்கு ஓர் அடி. ஆறு அங்குலக் குழாய் என்றால் 60 அடிக்கு ஓர் அடி. குழாய்களின் இணைப்பில் தார் தோய்த்த சணல் கயிற்றை அடைத்து, மேலே சிமென்ட் கலவை பூசியிருப்பார்கள். பழுது அங்கேதான் தொடங்கும். சிமென்ட் இணைப்பு வளைந்து கொடுக்காது. களிமண் பூமி கோடையில் சுருங்கி மாரியில் உப்பும்போது இணைப்பில் விரிசல் விழும். விரிசலில் மரவேர் ஈரம் தேடி நுழையும். அந்த வேரில் துணியும் காகிதமும் சிக்கும். கசிவு மண்ணை அரித்துக் குழாயைத் தொய்ய வைக்கும். தொய்ந்த இடத்தில் கழிவு தேங்கும். அரித்த மண்ணின் பொந்து வழியாக எலி வெளியே வரும்.

சந்தேகம் வந்தால் பரிசோதனை. இதில் சட்டம் ஒரு நுட்பமான கட்டுப்பாடு வைத்திருந்தது. 48-ஆம் பிரிவு, பழைய வடிகாலை எந்த முறையிலும் சோதிக்கலாம், நீரழுத்தச் சோதனை மட்டும் கூடாது என்றது. புதுக் குழாயை முனையில் அடைத்துத் தண்ணீர் நிரப்பி மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பது சரி. ஐம்பது வருடக் குழாயில் அதைச் செய்தால், அதுவரை ஒழுகாத இணைப்பும் சோதனையாலேயே பிளந்துவிடும். அதனால் புகையும் சாயமும்தான். ஒரு முனையில் புகை எந்திரத்தை வைத்து ஊதுவார்கள்; சமையலறைத் தரையிலோ சுவர் ஓரத்திலோ புகை தலைகாட்டினால் அங்கே குழாய் உடைந்திருக்கிறது. சாயக் கரைசலை ஒரு வீட்டின் கழிப்பிடத்தில் ஊற்றி, அடுத்த வீட்டின் நிலவறைச் சுவரில் நிறம் தெரிகிறதா என்று காத்திருப்பார்கள்.

வீட்டு வடிகால் தெருச் சாக்கடையில் சேரும் முன் ஒரு சேம்பர், அதாவது திறந்து பார்க்க மூடி வைத்த தொட்டி. அதில் இன்டர்செப்டர் டிராப் என்ற வளைவு. வளைவில் எப்போதும் தண்ணீர் நின்று, சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கும் என்பது அதன் நோக்கம். கெட்ட காற்றுதான் நோயைக் கொண்டுவருகிறது என்று நம்பிய காலத்துக் கண்டுபிடிப்பு அது. வளைவுக்கு மேலே, அடைப்பு எடுப்பதற்கென்று சாக்கடைப் பக்கம் நேராகப் போகும் ஒரு கைக்குழாயும், அதன் வாயில் ஒரு மூடியும் இருக்கும். தொல்லை தந்தது அந்த மூடி. பெருமழையில் தெருச் சாக்கடை நிரம்பி எதிர்த்து அழுத்தும்போது மூடி கழன்று, நேர் கீழே இருக்கும் டிராப்பின் வாயில் விழுந்து அதை அடைத்துவிடும். உடனே யாருக்கும் தெரியாது. கழிவு சேம்பரில் கைக்குழாய் மட்டம் வரை ஏறி, பிறகு மூடியில்லாத அந்தக் கைக்குழாய் வழியாகவே வழிந்து போய்க்கொண்டிருக்கும். வீட்டில் கழிப்பிடம் ஒழுங்காக வேலை செய்கிறது. சேம்பரிலோ மாதக்கணக்கில் அழுகிய சகதி நிற்கிறது. வாயுவைத் தடுக்க வைத்த டிராப்பைத் தாண்டி வாயுவும் வருகிறது, எலியும் வருகிறது. மூடியைத் தூக்கிப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. 1950-களில் பல நகரசபைகள் புது வீடுகளுக்கு இந்த டிராப்பைக் கட்டாயப்படுத்துவதை விட்டுவிட்டன. அது சரியான முடிவு.

கழிப்பிடம் எல்லா ஊரிலும் ஒன்றுபோல் இல்லை. வடக்கே சில ஊர்களில் வாளிக் கழிப்பிடங்கள் நூற்றாண்டின் நடுவிலும் இருந்தன. இரவில் ஆட்கள் வந்து வாளியை மாற்றிப் போவார்கள். லங்காஷயரின் நெசவாலை ஊர்களில் 'டிப்ளர்' என்றொன்று. சமையலறைத் தொட்டியின் கழிவுநீரும் மழைநீரும் முற்றத்தின் அடியில், அச்சில் தொங்கும் ஒரு பீங்கான்மண் பாத்திரத்தில் சேரும். இரண்டரை மூன்று காலன் சேர்ந்ததும் எடை ஒரு பக்கம் சாய்ந்து பாத்திரம் கவிழ்ந்து, பல அடி ஆழத்தில் இருக்கும் கழிவை ஒரே வீச்சில் அடித்துச் செல்லும். நல்ல தண்ணீர் ஒரு சொட்டும் வீணாகாது, குழாயும் உறையாது. ஆனால் வீட்டில் பாத்திரம் கழுவினால்தான் கழிப்பிடம் கழுவும். பாத்திரத்தில் கொழுப்பு படிந்தாலும் அச்சு தேய்ந்தாலும் கவிழாமல் நின்று, தண்ணீர் சும்மா வழிந்து போகும். கழிவு அங்கேயே கிடக்கும்.

வாளிக் கழிப்பிடத்தை நீர்க் கழிப்பிடமாக மாற்றச் சொல்ல 47-ஆம் பிரிவு அதிகாரம் தந்தது. அப்படிச் சொன்னால் செலவில் பாதியை நகரசபை ஏற்க வேண்டும். மேலே சொன்ன பென்னி வரிக் கணக்கு இங்கே குறுக்கே வந்தது. ஆண்டுக்கு இத்தனை கழிப்பிடம்தான் என்று ஊர்கள் மெதுவாக நகர்ந்தன.

வீட்டுக்காரர்கள் பழுது பார்க்காததற்கும் காரணம் இருந்தது. பெருவாரியான பழைய வீடுகளின் வாடகை 1939 செப்டம்பரில் சட்டத்தால் உறைந்து நின்றது. கொத்தனார் கூலியும் ஈயத்தின் விலையும் பலமடங்கு ஏறிவிட்டன. கூரைத் தகடு மாற்றும் செலவு பல ஆண்டு வாடகையைத் தின்றுவிடும். 1954-ஆம் ஆண்டுச் சட்டம், பழுது பார்க்கும் வீட்டுக்காரர் வாடகையைக் கொஞ்சம் உயர்த்தலாம் என்றது. வீடு பழுதாகவே இருந்தால் குடித்தனக்காரர் நகரசபையிடம் பழுதுச் சான்றிதழ் வாங்கி அந்த உயர்வை மறுக்கலாம். அந்தச் சான்றிதழுக்கும் இன்ஸ்பெக்டர்தான் போய்ப் பார்க்க வேண்டும். அதே சட்டத்தின்படி, வாழத் தகாத வீடுகள் எத்தனை என்று ஒவ்வொரு நகரசபையும் கணக்குக் கொடுத்தது. 1955-இல் இங்கிலாந்து, வேல்ஸில் மொத்தம் சுமார் 8,47,000 என்று வந்தது. ஈரம், உறுதி, வெளிச்சம், காற்றோட்டம், தண்ணீர், வடிகால், சமைக்கும் வசதி என்று அளவுகோல் எழுதப்பட்டிருந்தது. அதில் குளியலறை இல்லை. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்முறையாக வீட்டு வசதிகளைப் பற்றிக் கேட்டபோது, கிரேட் பிரிட்டனின் குடும்பங்களில் 37 விழுக்காட்டுக்குக் குளியல் தொட்டியே கிடையாது என்று தெரிந்தது. தகரத் தொட்டியைச் சுவரில் மாட்டி வைத்து, வாரம் ஒருமுறை அடுப்பின் முன்னால் இறக்கிக் குளித்தார்கள். இல்லாவிட்டால் நகரசபையின் பொதுக் குளியல் நிலையம். அந்த நிலையங்களைக் கட்டியதும் நடத்தியதும் இதே கமிட்டிகள்தான்.

நெரிசலுக்கான அளவுகோல் இன்னும் மோசம். 1935-இல் வகுத்தது: மூன்று அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கலாம். இதில் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை கணக்கிலேயே வராது; பத்து வயதுக்கு உட்பட்டவர் அரை ஆள். ஆகவே தாய், தந்தை, ஒன்றிலிருந்து ஒன்பது வயது வரை ஐந்து பிள்ளைகள், ஒரு கைக்குழந்தை என எட்டு உயிர் மூன்று அறையில் இருந்தாலும், அறைகள் 110 சதுர அடிக்குக் குறையாதவரை, சட்டக் கணக்கில் நாலரைப் பேர்தான், நெரிசல் இல்லை. வரவேற்பறையும் அறையாகத்தான் எண்ணப்பட்டது. அறிக்கையில் 'சட்டப்படி நெரிசல்' என்ற எண் சிறியதாக இருப்பதைப் பார்த்து நிம்மதி கொள்வது தவறு.

குடிசை வரிசைகளை இடித்து மக்களைப் புது வீட்டுக்கு மாற்றும்போது மூட்டைப்பூச்சியும் கூடவே வரும். போருக்கு முன் இதற்கு ஒரு கடுமையான வழி கையாண்டார்கள். தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றி, நேரே புகையூட்டும் நிலையத்துக்குக் கொண்டுபோய், ஹைட்ரஜன் சயனைடு வாயுவில் வைத்து, காற்றாட விட்டபிறகே புது வீட்டில் இறக்குவார்கள். மெத்தையிலும் தலையணையிலும் வாயு தங்கிவிடும் என்பதால் படுக்கைகளுக்குத் தனி எச்சரிக்கை. 1945-க்குப் பிறகு டிடிடி வந்து இந்த ஆபத்தான வேலையை முடித்துவைத்தது. எலிக்கு 1949-இல் தனிச் சட்டம். அதிலும் அவசரப்பட்டால் கெட்டுவிடும். நஞ்சை முதல் நாளே வைத்தால் எலி கொஞ்சம் கடித்துப் பார்த்து, வயிற்றைப் பிசைந்ததும் அந்தப் பக்கமே வராது. எனவே முதல் சில நாள் நஞ்சில்லாத தீனி. பயம் தெளிந்து தின்னத் தொடங்கிய பிறகே அதே தீனியில் துத்தநாக பாஸ்பைடு. சாக்கடை மேன்ஹோல்களிலும் இதே முறைதான்.

உணவில் முக்கியமானது பால். 145 முதல் 150 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அரை மணி நேரம், அல்லது சுமார் 161 டிகிரியில் 15 வினாடி காய்ச்சி உடனே குளிர்விக்க வேண்டும். சரியாகக் காய்ச்சினார்களா என்று எப்படித் தெரியும்? பச்சைப் பாலில் பாஸ்படேஸ் என்ற நொதி உண்டு. காசநோய்க் கிருமி சாகும் வெப்பத்தைவிடச் சற்றே கூடுதலான வெப்பத்தில் அது அழியும். ஆகவே நொதி உயிரோடு இருந்தால், காய்ச்சியது போதவில்லை அல்லது பச்சைப் பால் பின்னால் கலந்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் தெருவில் வண்டியை நிறுத்தி எடுத்த ஒரு பாட்டில் பாலே பண்ணையின் வெப்பமானியைப் பற்றிச் சாட்சி சொல்லிவிடும். ஐஸ்கிரீமுக்கு 1947-இல் காய்ச்சும் விதி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில், தன் உடம்பில் டைபாய்டு கிருமி இருப்பதை அறியாத ஒரு வியாபாரியின் ஐஸ்கிரீமால் 210 பேருக்கு நோய் கண்டு, 4 பேர் இறந்திருந்தார்கள்.

தொற்றுநோயைப் பற்றிச் சுருக்கமாக. மருத்துவர்கள் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியல் ஒன்று உண்டு. அறிவிப்பு ஒன்றுக்கு இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் கட்டணம். தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) ஐக்கிய இராச்சியத்தில் 1940-இல் 61,000-க்கு மேற்பட்டோரைத் தாக்கி 3,283 பேரைக் கொன்றது. அந்த ஆண்டு தொடங்கிய தடுப்பூசி இயக்கத்துக்குப் பின், 1957-இல் 38 பேர், 6 மரணம். பெற்றோரை வீடு வீடாகப் போய் ஒப்புக்கொள்ள வைத்த செவிலியருக்குத்தான் அந்தப் பெருமை.

இவ்வளவு ஏற்பாடும் எங்கே சறுக்கும் என்பதற்கு கிராய்டன் போதும். லண்டனுக்குத் தெற்கே இருந்த பெரிய கவுன்ட்டி பரோ. 1937 செப்டம்பர் இறுதியில் ஆடிங்டன் கிணற்றில் பழுதுவேலை தொடங்கியது. வேலையாட்கள் கிணற்றுக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதன் தண்ணீர் ஊருக்கும் போய்க்கொண்டிருந்தது. அந்த நாட்களில் வடிகட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. குளோரின் கலப்பதும் முழுமையாக நடக்கவில்லை. வேலையாட்களில் ஒருவர் முன்பு டைபாய்டு வந்து குணமானவர். கிருமி மட்டும் உடம்பில் தங்கியிருந்தது. கிணற்றுக்குள் வேலை, சுத்திகரிப்பில் குறை, கிருமி சுமந்த ஆள் என்ற மூன்றில் ஏதாவது ஒன்று இல்லாதிருந்தால் எதுவும் நடந்திருக்காது. 341 பேருக்கு டைபாய்டு. 43 பேர் இறந்தார்கள்.

வழக்கறிஞர் எச். எல். மர்ஃபி தலைமையில் நடந்த விசாரணை இந்த மூன்றும் ஒன்றாகக் கூடியதைத்தான் காரணமாகக் கண்டது. அதோடு, பொறுப்பில் இருந்த அதிகாரிகளுக்கு இடையே சரியான தகவல் போக்குவரத்து இல்லாததையும் சுட்டியது. கிணறு பொறியாளர் துறையின் பொறுப்பு. நோயாளிகள் ஹெல்த் ஆபீசரின் பொறுப்பு. கிணற்றில் ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள் என்ற செய்தி ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு வரவில்லை. டைபாய்டு உடம்பில் புகுந்து காய்ச்சலாக வெளிப்பட ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். முதல் நோயாளிகள் பட்டியலில் ஏறும்போது, கெட்ட தண்ணீரை ஊர் பல நாளாகக் குடித்து முடித்திருந்தது. பாலா, மட்டியா என்று தேடிய ஒவ்வொரு நாளும் உயிருக்கு விலை. கிணற்றுவேலை நடப்பது மட்டும் முன்பே தெரிந்திருந்தால், தேடல் முதல் நாளே அங்கே போயிருக்கும். அதன்பின் நீர்நிலைகளில் வேலைக்கு எடுக்கும் ஆட்களின் இரத்தத்தையும் மலத்தையும் பரிசோதிப்பது வழக்கமாயிற்று. 1948-இல் மருத்துவமனை ஒரு கைக்கும், செவிலியர் இன்னொரு கைக்கும், சாக்கடை மூன்றாவது கைக்கும் போனபோது, கிராய்டனில் அறுந்த அதே இழை நாடு முழுக்க மெலிந்தது என்பது எங்கள் கணிப்பு. சில ஊர்களில் ஒரே மருத்துவரைப் பரோவுக்கும் கவுன்ட்டிக்கும் சேர்த்து நியமித்து அதை ஈடுகட்டப் பார்த்தார்கள்.

புகை கடைசியாக வந்த வேலை. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைமூட்டத்தில் சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். 1956-இல் தூய காற்றுச் சட்டம். புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி ஒன்றை அறிவிக்குமுன், அங்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போய் எத்தனை கணப்பு, என்ன வகை என்று எண்ண வேண்டும். அடுப்பை மாற்றும் செலவில் அரசு 40, நகரசபை 30, வீட்டுக்காரர் 30 விழுக்காடு. நிலக்கரிச் சுரங்க ஊர்களில் இது தடுமாறியது. தொழிலாளிக்குக் கூலியின் பகுதியாகவே நிலக்கரி கிடைக்கும்போது புகையில்லாத எரிபொருளை அவர் ஏன் காசு கொடுத்து வாங்குவார்?

அதே 1956-இல் சானிட்டரி இன்ஸ்பெக்டர் என்ற பெயர் பொதுச் சுகாதார ஆய்வாளர் என மாறியது. 1974 ஏப்ரல் 1-இல் ஹெல்த் ஆபீசர் பதவியே போயிற்று. மருத்துவர்கள் தேசிய சுகாதாரச் சேவைக்குள் சென்றார்கள், ஆய்வாளர்கள் உள்ளாட்சியிலேயே நின்றார்கள். சென்னை மாகாணம் 1939-இல் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டம், தமிழ்நாடு என்று பெயர் மாறி இன்றும் நடப்பில் இருப்பதால், ஹெல்த் ஆபீசர், தொல்லை நீக்க நோட்டீஸ் என்ற சொற்களெல்லாம் நமக்கு அன்னியமல்ல.

லண்டன் பரோக்களின் ஆண்டறிக்கைகள் 5,500-க்கு மேல் வெல்கம் நூலகத்தால் இணையத்தில் ஏற்றப்பட்டுள்ளன. படிக்க எடுப்பவர்கள் முன்னுரையைத் தாண்டி, பின்பகுதியில் இருக்கும் ஆய்வாளரின் அட்டவணையிலிருந்து தொடங்கலாம்: சோதித்த வடிகால் எத்தனை, எடுத்த அடைப்பு எத்தனை, மாற்றிய குப்பைத் தொட்டி எத்தனை, மறுபடி போன வீடு எத்தனை. அந்தக் கடைசி எண் முந்தைய ஆண்டைவிடக் குறைந்திருந்தால், பணியாளர் பட்டியலில் காலியிடம் இருக்கிறதா என்று அடுத்ததாகப் பார்க்க வேண்டும்.